ஒரு நாளைக்கு ஆறு நடை. எனக்கென்று ஒரு நடை இல்லை

கேள்வி

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 39 வயது. திண்டுக்கல் மாவட்டம். அரசுப் பேருந்தில் நடத்துநர், 14 வருட சர்வீஸ். கீழே டூட்டி போட்டால் ஒரு நாளைக்கு ஆறு நடை. மலை ரூட் என்றால் நடை குறைவு, ஆனால் வாரத்துக்கு இரண்டு நைட் ஹால்ட் வரும். கடைசி நடை மேலே போய்ச் சேர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். காப்பித் தோட்டத்துக் கிராமம், கடையெல்லாம் அடைத்திருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு நானும் டிரைவர் அண்ணனும் சீட்டிலேயே படுத்துக்கொள்வோம். காலை ஐந்தேகாலுக்கு முதல் நடை இறங்க வேண்டும். நடுவில் தூக்கம் வராத நேரத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். முதலில் செல்போனில், அப்புறம் மகனுடைய பழைய நோட்டில் மீதியிருந்த பக்கங்களில். மூன்று வருடம் ஆகிறது.

முகநூலில் பயணிகளைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதுவேன். பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டதும் பழத்தில் ஒரு கீற்றை அறுத்து என்னிடம் நீட்டிய தாத்தா. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்னாடியே இறங்கிப்போன அக்கா. அந்த அக்காவைப் பற்றி எழுதியதற்கு 800 பேர் லைக் போட்டிருந்தார்கள். அப்போதிருந்து எனக்கு ‘கண்டக்டர் எழுத்தாளர்’ என்று பெயர் வந்துவிட்டது. போகிற இடத்திலெல்லாம் ரஜினியை வேறு இழுக்கிறார்கள். அவரும் பெங்களூரில் கண்டக்டராக இருந்தவர்தானே, உங்களுக்கும் ஒரு ஸ்டைல் இருக்கு சார் என்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. என் ஸ்டைல் என்னவென்று எனக்கே தெரியவில்லை.

ஏனென்றால் நான் எழுத ஆசைப்படுவது பஸ்ஸைப் பற்றி இல்லை. என் அம்மா சின்னாளப்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. சாயங்காலம் நாலைந்து பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்து முடிச்சுப் போடுவார்கள். அம்மா நூலைப் பல்லில் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். பாதி வார்த்தைதான் வெளியே வரும். மீதியை நாங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் திண்ணையை வைத்து ஏழு கதை எழுதினேன். ஒன்று ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. ஆறு திரும்பிவிட்டது. ஓர் ஆசிரியர் மட்டும் அன்பாகப் பதில் போட்டார். மொழி கனமாக இருக்கிறது, முடிவு ஒட்டவைத்தது போல இருக்கிறது, உங்கள் பஸ் அனுபவங்களை எழுதி அனுப்புங்களேன் என்று.

நிறையப் படிக்கிற நண்பர் ஒருவர், “உன் ஏழு கதையில மூணு எழுத்தாளர் இருக்காங்க, நீதான் இல்ல” என்றார். உண்மைதான். எந்த மாதம் யாரைப் படிக்கிறேனோ அந்த மாதம் அவரைப் போல எழுதுகிறேன். என் மனைவியோ ஒரு கதையைப் படித்துவிட்டு, “இது யாரு பேசுறது? நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே” என்றாள். அந்தக் கதையின் முதல் வரியை அப்படியே தருகிறேன்: “அந்திச் செவ்வானம் முடிச்சவிழ்ந்த துகிலென மண்ணில் சரிய, அவளது விழிகளில் நெடுந்துயரொன்று கசிந்தது.” எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் இரண்டு நாள் எழுத்துப் பயிலரங்கம் ஒன்றுக்குப் போனேன். அங்கே பேசியவர், தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து ஆயிரம் வார்த்தை எழுதாதவன் எழுத்தாளனே கிடையாது என்றார். நானும் 19 நாள் முயன்றேன். எனக்கு டூட்டி நேரம் நாளுக்கு நாள் மாறும். ராத்திரி பதினொன்றரைக்கு டெப்போவில் கணக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்து, நாலு மணிக்கு எழுந்தால் கொட்டாவிதான் வருகிறது. பத்தொன்பதாம் நாள் சில்லறையில் கோட்டைவிட்டு 340 ரூபாய் ஷார்ட்டேஜ். கைக்காசைப் போட்டுக் கட்டினேன். ஒரு பயணியிடம் காரணமே இல்லாமல் கத்தியும்விட்டேன். அதோடு விட்டாயிற்று. ஆனால் நான் நிஜமான எழுத்தாளன் இல்லையோ என்று உறுத்துகிறது. சில ராத்திரி அதனாலேயே தூக்கம் போகிறது.

கடைசியாக ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு அம்மாக்கள் ஏதோ மனம்விட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் டிக்கெட் போட்டபடி அந்தப் பக்கம் போனேன். பின்சீட்டிலிருந்து ஒருவர், “பார்த்துப் பேசுங்கம்மா, கண்டக்டர் எழுதிப்புடுவாரு” என்றார். வண்டியே சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அடிவாரம் வர 40 நிமிஷம். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து நான் முகநூலில் எழுதவில்லை. கதையும் எழுதவில்லை. நைட் ஹால்ட்டில் டிரைவர் அண்ணனிடம் மட்டும் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். பாதியில் தூங்கிவிடுவார். தூங்காத அன்றைக்கு “அப்புறம் என்னாச்சு?” என்பார்.

நான் பஸ்ஸை எழுத வேண்டியவனா, திண்ணையை எழுத வேண்டியவனா? நேரங்காலம் ஒழுங்காக இல்லாதவன் எழுத்தாளன் ஆக முடியுமா? புனைபெயர் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீருமா?

— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

ஆலோசனைக்கு வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, முக்கியமானதை எழுந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்திருக்கிறீர்கள். அதனால் அந்த 40 நிமிஷத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஓடுகிற வண்டியில் எல்லார் கண்ணிலும் படுகிறவர் நடத்துநர். அவரை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதும் இல்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே மாமியாரைத் திட்டுவார்கள், கடனைப் பற்றிப் பேசுவார்கள், அழுவார்கள். 14 வருடமாக உங்களுக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. ‘கண்டக்டர் எழுத்தாளர்’ என்ற பெயர் அதைக் கலைத்துவிட்டது. பின்சீட்டுக்காரர் வேடிக்கையாகத்தான் சொன்னார், வண்டியும் வேடிக்கையாகத்தான் சிரித்தது. ஆனால் அந்த இரண்டு பெண்களும் உங்களைத் திரும்பிப் பார்த்திருப்பார்களே, அந்தப் பார்வை உங்களைத் தைத்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒட்டுக் கேட்கக்கூட இல்லை. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல வலித்திருக்கிறது.

அந்த வலி எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அடுத்தவர் வாழ்க்கையைக் கையில் எடுக்கிறோம் என்ற கூச்சம் இல்லாமல் எழுதுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. ஆனால் உங்கள் கூச்சம் எல்லை தாண்டிவிட்டது. முகநூலை நிறுத்தினீர்கள், புரிகிறது. திண்ணைக் கதைகளை ஏன் நிறுத்தினீர்கள்? பஸ்ஸில் வந்த வழக்குக்கும் முடிச்சுப் போடுகிற அந்தப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில் புனைபெயரைப் பேசிவிடலாம். புனைபெயர் வைத்தால் நீங்கள் யார் என்ற குழப்பம் தீராது. ஆனால் பஸ்ஸில் மறுபடி உங்கள் காதில் நாலு பேச்சு விழும். அது சின்ன லாபம் இல்லை. தமிழில் இதற்குப் பழைய வழக்கமும் உண்டு. சொ. விருத்தாசலம் கதைகளுக்குப் புதுமைப்பித்தன் என்று வைத்துக்கொண்டார். கவிதைகளுக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று இன்னொரு ஆள். வங்கி வேலையில் இருந்த கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி. ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவி பெயரைப் போட்டுக்கொண்டு சுஜாதா ஆனார். யாரும் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. டெப்போவுக்கு ஒரு பெயர், நோட்டுக்கு ஒரு பெயர் என்று நீங்களும் வைத்துக்கொள்ளலாம். கூடவே இன்னொன்று: பயணிகளை எழுதும்போது ஊரை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், பலாப்பழத்தை வாழைத்தார் ஆக்குங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த அந்த அக்கா நாளைக்கே உங்கள் வண்டியில் ஏறலாம்.

அடுத்து, ‘மூணு எழுத்தாளர் இருக்காங்க’ விஷயம். நண்பர் சொன்னது சரியான கணிப்பு. அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. ஹெர்மினியா இபார்ரா என்ற ஆய்வாளர் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பதவி உயர்ந்து புதுப் பொறுப்புக்குப் போகிற முதலீட்டு வங்கியாளர்களையும் ஆலோசகர்களையும் கவனித்து எழுதியது. அவர்கள் மூத்தவர்களைப் பார்க்கிறார்கள், அவர்களுடைய தோரணையைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்கிறார்கள், ஒட்டாததைக் கழற்றிவிடுகிறார்கள். ஒரே ஆளைக் காப்பியடிக்காமல் பலரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தவர்களுக்குத் தனக்கென்று ஒன்று அமைவது சுலபமாக இருந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் விசில் ஊதுவதையும், ‘உள்ள போ, உள்ள போ’ என்று கூட்டத்தை நகர்த்துவதையும் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள்? இப்போது அதில் அந்தச் சீனியர் எவ்வளவு இருக்கிறார்? மூன்று எழுத்தாளர்கள் போதாது, முப்பது பேர் வரட்டும்.

சரி, அந்தி வானத்து வரிக்கு வருவோம்.

அதை நான் கிண்டல் செய்யப்போவதில்லை. பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொண்டீர்களே, அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. பயணிகளைப் பற்றி எழுதும்போது ‘கசிந்தது’, ‘துகிலென’ எல்லாம் வருவதில்லை. அங்கே யாரும் உங்களிடம் இலக்கியம் கேட்கவில்லை, கை இயல்பாக ஓடுகிறது. அம்மாவை எழுத உட்கார்ந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நூலைக் கவ்விய வாயோடு பேசுகிற ஒரு பெண் இலக்கியத்துக்குப் போதாது என்று எங்கேயோ உங்களுக்குள் பதிந்திருக்கிறது. அதனால் அவருக்குப் பட்டு உடுத்தி அழைத்து வருகிறீர்கள். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று சொல்லிக் கட்டுரை நோட்டில் சிவப்புக் கோடு போட்ட காலம் நம் எல்லாருக்கும் இருந்தது. அந்தச் சிவப்புக் கோடு உங்கள் கைக்குள் இன்னும் இருக்கிறதோ என்னவோ. கி. ராஜநாராயணன் தன் கரிசல் பேச்சுக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தவர். அவரும் முப்பதுகளின் நடுவில்தான் கதை எழுத வந்தார், கிட்டத்தட்ட உங்கள் வயதில்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா இப்போது இருக்கிறாரா? நீங்கள் சொல்லவில்லை. வேலை, திண்ணை, பேச்சு எல்லாம் முடிந்துபோன காலத்தில் இருக்கின்றன. அவர் இல்லையென்றால், அந்தக் கனத்த மொழி வெறும் பயமாக மட்டும் இருக்காது. துக்கத்துக்கும் அப்படி ஒரு விறைப்பு உண்டு. போனவரைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவது துரோகம்போலத் தோன்றும். அப்படியானால் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அம்மாவோடு நடந்த ஒரு சண்டையை மட்டும் யாருக்கும் காட்டாமல் எழுதிப் பாருங்கள். சண்டை எழுதும்போது துகில் வராது.

பஸ்ஸா திண்ணையா என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. எழுதுகிறவர் வேலையை வைத்து அவருக்கு எழுத்தை ஒதுக்குகிற பழக்கம் நம்மிடம் எப்படி வந்ததோ. தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். எழுதியதெல்லாம் பிறந்த தேங்காய்ப்பட்டணத்துக் கடலோர மக்களை. 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். யாரும் அவரை ‘வற்றல் எழுத்தாளர்’ என்று கூப்பிடவில்லை. நாஞ்சில் நாடன் பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டுதான் தன் ஊரை எழுதினார், முதல் நாவல் 1977இல் வந்தது. அசோகமித்திரன் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தது 1952இல். செகந்திராபாத்தை வைத்து எழுதிய நாவல் புத்தகமாக வந்தது 1977இல். 25 வருடம்! நடுவில் பல வருடம் சினிமா ஸ்டுடியோ வேலை, அதுவும் பின்னால் அவருக்கு நாவல் ஆயிற்று. எது முதலில் வரும், எது பின்னால் வரும் என்பதை அவரும் தீர்மானித்திருக்க மாட்டார். பத்திரிகை ஆசிரியர் பஸ் கதை கேட்பது அவர் தேவை. தவறில்லை, கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். இது என் ஊகம்தான், மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்த அக்கா பாதி வழியில் இறங்கிவிட்டார். அவருக்கு என்ன வியாதி, ஏன் முன்னாடியே இறங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத முடியாது, உங்களுக்கே தெரியாது. 800 பேரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மாவின் பேச்சிலும் பாதிதான் வெளியே வரும், மீதியை நீங்களாகப் போட்டுக்கொள்வீர்கள். மலையிலிருந்து இறங்கிய பெண்களின் பேச்சும் பாதியில் நின்றதுதான். டிரைவர் அண்ணனுக்குச் சொல்கிற கதையும் பாதியில் தூக்கத்தில் போய்விடுகிறது. சின்ன வயதில் திண்ணையிலும், அப்புறம் 14 வருடம் வண்டியிலும் நீங்கள் பாதிப் பேச்சைக் கேட்டே பழகியவர். ஏறுகிற இடம் தெரியாது, இறங்கின பிறகு நடப்பது தெரியாது. நடுவில் ஐந்தாறு ஸ்டேஜ் மட்டும் உங்களுடையது. நீங்கள் தேடுகிற நடை அங்கே இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பஸ்ஸைப் பற்றி எழுதினாலும் திண்ணையைப் பற்றி எழுதினாலும் அதே காதுதானே கேட்கிறது.

இப்போது அந்த ஆசிரியர் சொன்ன ‘ஒட்டவைத்த முடிவு’ என்ன என்று பாருங்கள். கதை என்றால் முடிவு வேண்டும் என்று திண்ணைப் பேச்சுக்குக் கடைசியில் ஒரு முடிவைத் தைத்திருப்பீர்கள். கல்யாணம், சாவு, அல்லது யாராவது ஊரைவிட்டுப் போவது. சரியா?

வேலை முறைக்கு வருகிறேன். காலை நாலு மணிமேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறவர்களில் பலருக்கு ஆறு மணிக்குக் காப்பி போட்டுக் கொடுக்க இன்னொருவர் எழுந்திருப்பார். அந்த இன்னொருவர் பயிலரங்கத்தில் பேசுவதில்லை. உங்கள் உடம்பு மாறி மாறி வருகிற டூட்டியில் ஏற்கெனவே தூக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. நாலரை மணி நேரம்கூட இல்லாத தூக்கத்தில் 19 நாள் ஓட்டினால் சில்லறை தப்பும், கோபம் வரும். அந்த 340 ரூபாயை எழுத்தாளன் ஆகத் தவறியதற்கு அபராதமாக நினைக்காதீர்கள், அது தூக்கத்துக்குக் கட்டிய வட்டி.

இடமும் நேரமும் அவரவருக்கு வாய்த்ததுதான். அசோகமித்திரன் தியாகராய நகரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர். கவிஞர் சல்மா, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு குளியலறையில் ஒளிந்து எழுதியதைச் சொல்லியிருக்கிறார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி, 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஆறு வருடம் எழுதாமலே இருந்துவிட்டு 1973வாக்கில் திரும்பி வந்தார். நீங்கள் நிறுத்தி இரண்டு மாதம்தான் ஆகிறது.

உங்களுக்கு எது ஒத்துவரும் என்று நான் சொல்ல முடியாது, கண்டுபிடிக்க வழி சொல்லலாம். அந்தத் தொழில் உங்களுக்கே அத்துப்படி. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதுகிற மாதிரி ஒரு மாதம் உங்கள் எழுத்துக்கும் கணக்கு வையுங்கள். இலக்கு வேண்டாம், இத்தனை வார்த்தை என்ற கட்டாயம் வேண்டாம். எழுதினால் எங்கே, எத்தனை மணிக்கு, போனிலா நோட்டிலா, அதற்கு முந்தைய ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று ஓடியது எந்த ரூட். எழுதாத நாளும் கணக்கில் வரட்டும். நன்றாக எழுதினேனா என்று மட்டும் குறிக்க வேண்டாம், அந்தத் தீர்ப்பு அன்றன்றைக்குப் பொய்யாகவே இருக்கும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு மூன்று விஷயம் தானாகக் கண்ணில் படும்.

கடிதத்தை வைத்து எனக்கு ஒன்று இப்போதே படுகிறது. நைட் ஹால்ட்டில் உங்களுக்கு எழுத வருவதற்குக் காரணம் அமைதி மட்டும் இருக்காது. வீட்டில் உங்களைத் தேட ஆள் உண்டு, அங்கே இல்லை. ஐந்தேகாலுக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்பதால் நேரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. முக்கியமாக, பக்கத்து சீட்டில் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். சிலருக்கு எழுத எழுதத்தான் கதை பிறக்கும். உங்களுக்குச் சொல்லச் சொல்லப் பிறக்கிறதோ? அப்படியானால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் தூங்கின பிறகு சொன்னதை அப்படியே போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். வார ஓய்வு நாளில் அதைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ‘இது யாரு பேசுறது?’ என்று உங்கள் மனைவி கேட்டாரே, அந்தக் கேள்விக்கு இதுதான் நல்ல மருந்து. நான் பார்த்தவரை உங்கள் முதல் விமர்சகர் அவர்தான், மற்றவர்களைவிட அவர் காது நுட்பமானது.

நிஜமான எழுத்தாளன் இல்லையோ என்ற உறுத்தல் பற்றி அதிகம் பேச மாட்டேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இலேயே இதற்கு ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்து, சாதித்து, நல்ல இடத்தில் இருந்த பெண்களே தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் என்றைக்காவது குட்டு உடையும் என்றும் உள்ளூர நம்பியதை அவர்கள் கண்டார்கள். உங்களுடையது அதே சாதிதான். வரும், போகும். ஆனால் தூக்கம் போகிறது என்கிறீர்கள். அது எழுத்துக் கவலையாக இருக்கும்வரை பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் எரிச்சலும் எதிலும் மனம் ஒட்டாமையும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸில், இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஓடுகிற வண்டியில் படியோரம் நிற்கிறவருக்குத் தூக்கம் சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். திரும்பி வந்த ஆறு கதைகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுங்கள். முதல் வரியையும் கடைசிப் பத்தியையும் வெட்டிவிடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அடுத்த நைட் ஹால்ட்டில் மிச்சத்தை டிரைவர் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டால் சொல்லாதீர்கள். தூங்கிவிட்டார் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.